வருசத்துக்குப் பதின்மூன்று மாதம்

கறம்பக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன். ஊர் வேறு, நாங்கள் குடியிருக்கும் தெரு வேறு; இடையில் ஒரு குளத்தங்கரையும் அரை மைல் தார்ச்சாலையும் உண்டு. போன ஆவணியில் மூன்று நாட்களாக அம்மாவுக்குப் போன் போகவில்லை. எண் சேவையில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அம்மா கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். ரீசார்ஜ் காலம் முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

அவளிடம் இருப்பது பட்டன் போன். படம் பார்ப்பதில்லை, பாட்டுக் கேட்பதில்லை. நான் கூப்பிட்டால் மணி அடிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கருவியிடம் அவளுக்கு வேறு எதிர்பார்ப்பு இல்லை. கடையில் போய் "அம்பது ரூவாய்க்குப் போடு தம்பி" என்று கேட்டிருக்கிறாள். "அம்பதுக்கெல்லாம் இப்ப ஒண்ணும் கெடையாதுக்கா, இருநூறு ஆகும்" என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். களையெடுப்புக் கூலியில் அரிசிக்கும் எண்ணெய்க்கும் போக மிச்சம் அம்பதுதான் இருந்திருக்கிறது. கூலி அன்றாடம் வருகிறது. போன் கேட்பது மொத்தமாக. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

உலகத்திலேயே மலிவான டேட்டா இந்தியாவில்தான் கிடைக்கிறது என்று பத்தாண்டாகச் சொல்லிவருகிறார்கள். கணக்கு ஓரளவு சரிதான். அதிவேக இணையம் வந்த காலத்து விலையை நினைத்துப் பாருங்கள். 2009 பிப்ரவரியில் பிஎஸ்என்எல் சென்னையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்த என் போன்றோருக்கு அது அமெரிக்காவில் நடந்த சங்கதி மாதிரித்தான் இருந்தது. அன்றைக்குப் பொதுவாக இருந்த கட்டணம், பேக் எதுவும் போடாவிட்டால், 10 கேபிக்கு 10 பைசா. கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய், ஒரு ஜிபிக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். தெரியாமல் ஒரு பொத்தானை அமுக்கி, மாமன் போட்டுவைத்திருந்த பேலன்ஸ் முழுவதையும் காலிசெய்து அடிவாங்கிய பையன்கள் எங்கள் தெருவில் உண்டு. நானும் ஒருவன்.

டிராய் வெளியிட்ட கணக்குப்படி 2014இல் ஒரு ஜிபிக்குச் சராசரியாக 269 ரூபாய் ஆனது. 2018இல் அது 12 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. அடுத்த மார்ச் முடியும்வரை இலவசமாகக் கொடுத்தது. மற்றவர்களும் விலையைக் குறைத்தார்கள். குறைக்க முடியாதவர்கள் காணாமல் போனார்கள். தமிழ்நாட்டில் பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அந்த மாதம் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்காகக் கடை வாசல்களில் நின்ற கூட்டத்தை நினைத்துப் பார்த்தால், அதில் பாதிப்பேர் நூறு நாள் வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகிறவர்கள்.

ஆனால் ஒரு ஜிபி என்ன விலை என்பது எங்கள் தெருக்காரர்கள் கேட்கிற கேள்வியே இல்லை. ஒரு பொருளின் அலகு விலை எவ்வளவு குறைந்தாலும், அதை வாங்கும் ஆகக் குறைந்த பொட்டலம் என்ன விலை என்பதுதான் கூலிக்காரருக்கு முக்கியம். மூட்டையாக வாங்கினால் அரிசி மலிவு என்பது மூட்டை வாங்க முடிகிறவனுக்கான உண்மை.

அந்தப் பொட்டலத்தின் கதையைப் பார்ப்போம். ஒரு காலத்தில் 'லைஃப்டைம்' சிம் என்று ஒன்று இருந்தது. பேச வேண்டும் என்றால் பத்து ரூபாய்க்கு டாப்-அப். பேசாவிட்டால் சும்மா கிடக்கும். வருகிற அழைப்பு வந்துகொண்டிருக்கும். "மிஸ்டு கால்" என்ற பண்பாடே அதில் வளர்ந்தது. திருப்பூருக்கும் சென்னைக்கும் கேரளாவுக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளிடம் காசில்லாமல் பேசிக்கொள்ள எங்கள் தாய்மார் கண்டுபிடித்த தந்தி அது. 2018 நவம்பர் வாக்கில் ஏர்டெல், வோடபோன் ஐடியா நிறுவனங்கள் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. 28 நாளுக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் கட்டாவிட்டால் முதலில் வெளி அழைப்பும் பிறகு உள் அழைப்பும் நிற்கும் என்றார்கள். அந்த ஆகக் குறைந்த தொகையை ஏர்டெல் எப்படி ஏற்றியது என்று வரிசையாகப் பாருங்கள்: 2019 டிசம்பரில் 45. 2021 ஜூலையில் 79. அதே ஆண்டு நவம்பரில் 99. 2023 தொடக்கத்துக்குள் தமிழ்நாட்டிலும் 155. பிறகு 179. 2024 ஜூலையில் 199. ஆறே ஆண்டுகளில் ஐந்தரை மடங்குக்கு மேல். 'இப்போது பேசுவதற்குக் கணக்கே இல்லை, டேட்டாவும் தருகிறோமே' என்பது நிறுவனங்களின் பதில். கேட்காதவளிடம் டேட்டாவைக் கட்டிக்கொடுத்து அதற்கும் காசு வாங்குவதை எங்கள் ஊர் மளிகைக் கடையில் செய்தால் சண்டை வந்திருக்கும்.

28 நாள் என்பதும் சும்மா வந்த எண் இல்லை. 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். வருசத்துக்குப் பதின்மூன்று மாதம் வரும். பன்னிரண்டு மாதம் சம்பளம் வாங்குகிற ஊரில் பதின்மூன்று மாதம் வாடகை வாங்குகிற ஒரே வீட்டுக்காரர்கள் இவர்கள்தான். 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆகவேண்டும் என்று டிராய் உத்தரவு போட 2022 ஜனவரி ஆகிவிட்டது. வைத்தார்கள். கடையில் கேட்டால் இன்றைக்கும் 28 நாள்தான் போடுகிறார்கள்.

மொத்தமாகக் கட்டுகிறவனுக்குச் சலுகையும் கிடைக்கிறது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு ஜியோவில் நாளுக்கு 2 ஜிபி தரும் 28 நாள் திட்டம் 349 ரூபாய். ஒரு நாளுக்குப் பன்னிரண்டரை ரூபாய் விழுகிறது. நாளுக்கு 2.5 ஜிபி தரும் ஓராண்டுத் திட்டம் 3,599. ஒரு நாளுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை. கூடுதல் டேட்டா, குறைந்த விலை. 3,599 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடிகிறவருக்கு. மாதச் சம்பளக்காரரான நான் வருசத் திட்டம் போட்டிருக்கிறேன். என் அம்மா என்னைவிட அதிக விலை கொடுத்து என்னைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது இந்தக் கட்டுரைக்காகக் கணக்குப் போட்டபோதுதான் எனக்கே உறைத்தது. 18 விழுக்காடு ஜிஎஸ்டி இருவருக்கும் ஒன்று.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்னொரு தொழில்நுட்பம் பரவிய கதையை நாம் மறந்துவிடக்கூடாது. 1991-92இல் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போன இயக்கம், பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கிற பெண்கள், கூலி வேலைக்குப் போகும் பெண்கள், ஆசிரியைகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஒரு லட்சம் பேர்வரை சைக்கிள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ள அதுதான் வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று கேலி பேசினார்கள். எங்கள் தெருப் பெண் ஊருக்குள் சைக்கிளில் போவதா என்பது அதற்கும் மேலே ஒரு கேலி. செருப்புப் போட்டு நடக்கவே யோசித்த தெருக்கள் வழியாகச் சைக்கிளில் போனவர்கள் அவர்கள். என் அத்தை ஒருத்தி அதில் உண்டு. ஊர்த் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போ என்று சொன்ன பெரியவரிடம், "பிரேக்கு பிடிக்கத் தெரியலீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டிப்போனதை இன்றைக்கும் சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

அந்தச் சைக்கிளுக்கு மாதா மாதம் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. கடன் வாங்கி வாங்கினாலும் ஒருநாள் கடன் தீர்ந்தது. பஞ்சரானால் ஒட்டினார்கள். 28 நாள் கழித்துச் சக்கரம் தானாக நின்றுவிடவில்லை. அரசும் இயக்கமும் முன்னால் நின்று, கற்றுக்கொடுத்து, கடனுக்கு வழிசெய்து பரப்பிய தொழில்நுட்பம் அது. அதிவேக இணையம் பரவிய விதம் இதற்கு நேர் எதிரானது. அரசு ஏலம் விட்டுப் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டது.

ஏலம் என்றால் ஆ.இராசாவைப் பற்றிப் பேசாமல் கடக்க முடியாது. புதுக்கோட்டைக்கு வடக்கே, அதிகத் தூரமில்லாத பெரம்பலூர்க்காரர். 2008இல் 2ஜி உரிமங்களை ஏலம் விடாமல் 2001ஆம் ஆண்டு விலையான 1,658 கோடிக்குக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஏலம் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடும் என்று கணக்குத் தணிக்கையாளர் யூகித்த 1.76 லட்சம் கோடி, அவர் வீட்டுக் கொல்லையில் புதைத்துவைத்த பணம் போலப் பேசப்பட்டது. தொலைக்காட்சி விவாதங்களிலும் கேலிப் படங்களிலும் அவருடைய சாதி எப்படியெல்லாம் எட்டிப்பார்த்தது என்பதை நம் தளத்து வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. அதன்மீது சிபிஐ செய்த மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. அவர் செய்ததெல்லாம் சரி என்று வாதாடுவது என் வேலையில்லை. ஆனால் உரிமத்தை மலிவாகக் கொடுத்தால் பேச்சுக் கட்டணம் குறையும் என்று அவர் தரப்பு சொன்னதை ஒருவரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை. 2009இல் நொடிக்கு ஒரு பைசா என்ற கட்டணம் வந்தது அந்தக் காலத்துப் போட்டியில்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஏலம் விடாதவர் என்று தூற்றப்பட்ட அதே அமைச்சர் பதவியில் இருக்கும்போதுதான் 2010 ஏப்ரலிலும் மேயிலும் 34 நாட்கள் 3ஜி ஏலம் நடந்தது. 183 சுற்று. அரசு எதிர்பார்த்தது 35,000 கோடியை ஒட்டி. வந்தது 67,719 கோடி. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு துண்டு அலைக்கற்றை 1,465 கோடிக்குப் போனது. ஏர்டெல், வோடபோன், ஏர்செல் மூவரும் வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து நடந்த பிராட்பேண்ட் அலைக்கற்றை ஏலத்தில் 38,543 கோடி. அதில் நாடு முழுவதுக்குமான அலைக்கற்றையை எடுத்த இன்ஃபோடெல் என்ற அதிகம் கேள்விப்படாத நிறுவனத்தை, ஏலம் முடிந்த கையோடு ரிலையன்ஸ் வாங்கியது. ஆறு ஆண்டு கழித்து ஜியோ முளைத்தது அந்த நாற்றங்காலில்தான். பத்திரிகைகள் கைதட்டின, கருவூலம் நிரம்பியது என்று. அந்தப் பணத்தை நிறுவனங்கள் வங்கியில் கடன் வாங்கிக் கட்டின. கடனை யார் அடைப்பார்கள் என்று அன்று யாரும் கேட்கவில்லை. தாங்க முடியாதவை மூழ்கின; ஒரு டஜன் நிறுவனங்கள் இருந்த இடத்தில் இன்று தனியாரில் மூன்றுதான் மிச்சம். மூன்று பேர் மட்டும் இருக்கிற சந்தையில் விலை எந்தப் பக்கம் போகும் என்பதற்குத்தான் 35இலிருந்து 199 வரையிலான அந்த வரிசை.

நான்காவதாக ஒருவர் இருந்தார், நம்மவர். பிஎஸ்என்எல். எங்கள் தெருவில் முதல் அரசு வேலை வாங்கியவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்த பெரியப்பா ஒருவர்தான். கம்பத்தில் ஏறுகிற வேலைதான். ஆனால் இட ஒதுக்கீட்டில் வந்த நிரந்தர வேலை, பென்சன், பிள்ளைகளுக்குப் படிப்பு. ஊர்ப் பெரிய வீட்டில் போன் ரிப்பேர் ஆனால் இவர்தான் போக வேண்டும். திண்ணையைத் தாண்டாத கால் கூடத்துக்குள் போனது அந்தக் கருவிப் பெட்டியோடுதான். தனியார் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கிடையாது. 3ஜியைத் தமிழ்நாட்டில் முதலில் கொண்டுவந்த பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி வருசக்கணக்காகத் தரப்படவில்லை. 2019 அக்டோபரில் மறுசீரமைப்பு என்றார்கள். அதன் முதல் பலன், 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறியது. 4ஜி டெண்டர் 2020இல் ரத்தானது. நாடு முழுவதும் பிஎஸ்என்எல் 4ஜி தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27இல். ஜியோ வந்து ஒன்பது ஆண்டு கழித்து! பந்தயத்தில் ஒரு குதிரையின் காலைக் கட்டிப்போட்டுவிட்டு, பாருங்கள் அரசுக் குதிரை ஓடவே ஓடாது என்றார்கள். அந்தக் கட்டில் போனது மலிவுக் கட்டணம் மட்டுமில்லை, எங்கள் பெரியப்பாவுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டிய வேலைகளும்தான்.

டவரையும் பார்த்துவிடுவோம். அலைக்குச் சாதி தெரியாது, சரி. டவர் நிற்க நிலம் வேண்டுமே. பட்டா நிலம் வேண்டும், மின் இணைப்பு வேண்டும், லாரி போக வழி வேண்டும். எங்கள் பக்கம் அது யாரிடம் இருக்கிறது? டவர் ஊர்க்காரர் கொல்லையில் நிற்கிறது. மாத வாடகை அவருக்கு வருகிறது. நாங்கள் கட்டும் ரீசார்ஜில் ஒரு துளி குத்தகையாக அவர் வீட்டுக்கே போய்ச் சேருகிறது. பஞ்சமி நிலம் எங்கே போனது என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்துக் கேட்கலாம். தெருவின் கடைசி வீடுகளில் சிக்னல் ஒரு கோடுதான். 2018 நவம்பரில் கஜா புயல் கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கமெல்லாம் தென்னையையும் மின்கம்பத்தையும் சாய்த்துப் போட்டபோது டவர்களும் செத்தன. மின்சாரம் வர வாரக்கணக்கானது. தார்ப்பாய் வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று சொல்லக்கூட எங்களிடம் வழியில்லாமல், பையன்கள் பைக்கில் சிக்னல் தேடிப் போய்ப் படம் ஏற்றிவிட்டு வந்தார்கள். நிவாரண வண்டி ஊரோடு நின்று திரும்பிவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்களுக்கு இந்த வேகம் எதற்கு வேண்டும் என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது. 'ரீல்ஸ் பார்க்கத்தானே' என்று சிரிப்பவர்கள் உண்டு. ரீல்ஸும் பார்ப்போம்; ஊர்க்காரர் வீட்டில் என்ன திருக்குறளா ஓடுகிறது? ஆனால் சேரிக்கு முக்கியம் இறக்குவதைவிட ஏற்றுவது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியே வந்தது. ஒரே ஒரு படம். அதன் பிறகுதான் வழக்குப் பதிவானது. தரையில் உட்காரவைப்பது அன்றைக்கா தொடங்கியது?

எங்கள் மாவட்டத்தில் வேங்கைவயல். 2022 டிசம்பர் 26. மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்ததும் அந்தத் தொட்டியின் படம் தமிழ்நாடு முழுக்கக் கைக்குக் கை போனது. அடுத்த நாள் ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்தார்கள்; தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் கோயிலுக்குள் எங்கள் மக்கள் விடப்படாததும் அப்போது அம்பலமானது. மனசு கொதித்த எல்லோரும் அதைச் செல்பேசியில்தான் பார்த்தோம். ஆனால் இதன் மறுபக்கமும் வேங்கைவயலில்தான் இருக்கிறது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது பாதிக்கப்பட்ட அதே சமூகத்து இளைஞர்கள் மூவர்மீது. ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் செல்பேசிப் படங்களும் உரையாடல் பதிவுகளும் உண்டு. விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிகளும் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டார்கள். வழக்கின் உள்ளே நான் போகவில்லை. எங்கள் வாயாக இருந்த கருவியே எங்களுக்கு எதிரான சாட்சியாகவும் நிற்க முடியும் என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன். 2019 ஏப்ரலில் பொன்னமராவதியில் ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவி, காவல் நிலைய முற்றுகை, கல்வீச்சு, 144 தடை என்று போனதையும் பார்த்தோம். மலிவு டேட்டா சாதியையும் அதே மலிவில் ஏற்றிச் செல்லும். இணையம் வந்தால் சாதி போய்விடும் என்று நான் சொல்லவரவில்லை.

1940களிலேயே பெரியார் 'இனிவரும் உலகம்' என்று பேசினார். ஆளுக்கொரு கம்பியில்லாக் கருவி இருக்கும், முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதை நம் தோழர்கள் ஆண்டுதோறும் பகிர்கிறார்கள். பகிரட்டும். அதே பேச்சில், தங்கமும் வெள்ளியும் வேண்டியிராத, உழைப்பும் பயனும் பொதுவான ஓர் உலகத்தையும் அவர் சேர்த்தே சொன்னார். கருவி மட்டும் வந்திருக்கிறது.

கருவி வேண்டாம் என்று இருந்துவிட முடியுமா? இதுதான் என் முக்கியமான புகார். அரசு இப்போது எங்களை விடுவதாயில்லை. வங்கிக்குப் போனால் ஓடிபி. கேஸ் சிலிண்டருக்கு ஓடிபி. பிள்ளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்கு ஓடிபி. ரீசார்ஜ் இல்லாமல் அப்படியே விட்ட சிம் கொஞ்ச நாளில் செத்துப்போகும். அந்த எண் வேறு யாருக்கோ போகும். ஆதாரில் பழைய எண்ணே நிற்கும். அதை மாற்ற ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போக வேண்டும். நூறு நாள் வேலையில் 2022 மே முதல், இருபது பேருக்குமேல் வேலை செய்யும் இடங்களில் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு. 2023 ஜனவரி முதல் எல்லா இடத்திலும். நாளுக்கு இரண்டு முறை ஆட்களை நிறுத்திப் படம் எடுத்து ஏற்ற வேண்டும். பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் பெண்ணின் சொந்தப் போன், சொந்த டேட்டா. சிக்னல் இல்லாவிட்டால் எடுத்துவைத்து அப்புறம் ஏற்றலாம் என்கிறார்கள். அப்புறம் ஏறாமல் போனால் போவது வெயிலில் மண் வெட்டியவளின் கூலி. தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவித்த தினக் கூலி 336 ரூபாய், கைக்கு வருவது பல இடங்களில் அதைவிடக் குறைவு. அந்தக் கூலியை வாங்குவதற்கான நுழைவுச் சீட்டே மாதம் 200 முதல் 300 ரூபாய் என்றால், முதல் நாள் வேலை செல்பேசி நிறுவனத்துக்குச் செய்ததுதானே?

2020இல் பள்ளிகளை மூடியபோது இது பிள்ளைகள் தலையில் விடிந்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி இருந்தது நூற்றுக்குப் பதினைந்து பேரிடம்கூட இல்லை. அதை வைத்துக்கொண்டு ஆன்லைன் வகுப்பு. கல்வித் தொலைக்காட்சி கொஞ்சம் கைகொடுத்தது உண்மை. என் அக்கா வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள். மூத்தவள் பத்தாவது என்பதால் அவளுக்கு முதலிடம் என்று முடிவானது. கடைசிப் பையன் அந்த ஆண்டு படித்ததாகப் பேர்தான். அண்ணன் போனைச் சார்ஜில் போடும் நேரத்தில் பார்த்துக்கொள்வான். பையன்கள் கையில் போகும் போன் பெண்பிள்ளைகள் கைக்கு வருவது எப்போதும் கடைசியில்தான். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் எப்போதாவது இணையம் பயன்படுத்திய பெண்கள் 33 விழுக்காடு, ஆண்கள் 57.

அரசால் முடியாது என்று சொல்ல வேண்டாம். முடிந்திருக்கிறது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல்வரை கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு நாளுக்கு 2 ஜிபி டேட்டாவைத் தமிழ்நாடு அரசே வாங்கிக் கொடுத்தது. தேர்தல் நேரம் என்று சொல்வீர்கள். இருக்கட்டும், கொடுக்கும் வழி இருந்தது என்பதுதானே விசயம்? பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த வழி திறக்கவில்லை. ஒவ்வொரு ரீசார்ஜிலும் நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு கிராமப்புறச் சேவைக்கென்று ஒரு நிதிக்குப் போகிறது. 2002லிருந்து சேர்கிற அந்த நிதியில் பல பத்தாயிரம் கோடி செலவழியாமலே கிடந்தது. பெயரை மட்டும் 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று மாற்றியிருக்கிறார்கள். 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் டான்ஃபிநெட் திட்டம் இருக்கிறது. எங்கள் மாவட்டத்தின் 497 ஊராட்சிகளும் அதில் அடக்கம். நல்ல திட்டம்தான். ஆனால் இழை வந்து முடிகிற ஊராட்சி அலுவலகம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது. நூலகமும் ரேஷன் கடையும் ஊரில் இருந்த கதைதான். குளத்தங்கரை தாண்டி எங்கள் தெருச் சமுதாயக் கூடம்வரை அந்த இழையை இழுக்க இன்னும் அரை மைல் கம்பி போதும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற அழைப்பையும் அரசு அனுப்பும் ஓடிபியையும் ரீசார்ஜ் இல்லை என்று நிறுத்தக்கூடாது. அரசு கட்டாயப்படுத்தும் செயலிக்கு ஆகும் டேட்டாவை அரசே கட்ட வேண்டும். பத்து இருபது ரூபாய்க்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று வாங்கும் பழைய வழி திரும்ப வேண்டும். பிஎஸ்என்எல் இப்போதாவது எழுந்திருக்கிறது என்றால், இந்த மூன்றையும் அது முதலில் செய்து காட்டட்டும். அலைவரிசைகள் மக்கள் சொத்து என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மக்கள் என்பதில் நாங்களும் உண்டு என்பதற்கு எத்தனையாவது தீர்ப்பு வேண்டும்?

குரல் அழைப்புக்கு மட்டும் தனித் திட்டம் வைக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்ட பிறகு, 84 நாளுக்கு ஏர்டெல் 469, ஜியோ 448 என்று போட்டிருக்கிறார்கள். 28 நாளுக்கென்று பிரித்தால் நூற்றைம்பதை ஒட்டித்தான் வரும். ஆனால் ஒரே முறையில் கட்ட வேண்டும். பழைய மூட்டைக் கணக்குதான். அம்மாவுக்கு இந்த ஐப்பசியில் அப்படி ஒன்றைப் போட்டுவிட்டுப் போன் செய்தேன். எவ்வளவு ஆச்சு என்று கேட்டாள், சொல்லவில்லை. எப்ப முடியும் என்றாள். தை பிறந்து ஒரு வாரத்தில் என்றேன்.

"அப்ப அறுப்பு நடக்கும், கையில காசு இருக்கும். நானே போட்டுக்கிறேன், நீ போடாத" என்றாள்.